நீதிமன்றத் தண்டப்பணம் கட்டிய பிறகும் பெய்லிஃப் கட்டணம் கேட்டு வந்தால்: முழுமையான வழிகாட்டி

இது இங்கிலாந்துக்கும் வேல்ஸுக்கும் மட்டும். ஸ்கொட்லாந்திலும் வட அயர்லாந்திலும் சட்டம் வேறு, வருகிற ஆளும் வேறு.

மஜிஸ்திரேட் நீதிமன்றம் போட்ட தண்டப்பணத்தை இணையத்தில் கட்டியாயிற்று. பற்றுச்சீட்டும் கையில் இருக்கிறது. அதன் பிறகு ஒரு கடிதமோ, குறுஞ்செய்தியோ, வாசலில் ஓர் ஆளோ வந்து இன்னும் 310 பவுண் என்கிறது. அப்போது நம்மவர்கள் சொல்லும் முதல் பேச்சு: "நான் கோர்ட்டுக்குக் காசு கட்டிவிட்டேன், இனி உமக்கு இங்கே என்ன வேலை?"

இந்த வாதம் பெரும்பாலும் எடுபடாது. பெய்லிஃப் என்பவர் கட்டாத தண்டப்பணத்தை வசூலிக்க அனுப்பப்படும் அமலாக்க முகவர். அவருடைய கட்டணம் உண்மையிலேயே வர வேண்டியதா, வந்தால் எவ்வளவு என்பதைத் தேதிகள்தான் தீர்மானிக்கின்றன. ஆகவே கீழேயுள்ள படிகளை இதே வரிசையில் செய்யுங்கள்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

தண்டப்பண அறிவித்தல் கடிதம் முதலாவது. அதில் ஒரு பிரிவு எண்ணும் ஒரு கணக்கு எண்ணும் இருக்கும். அடுத்தது, பணம் கட்டிய பற்றுச்சீட்டு. தேதியோடு நேரமும் தெரிய வேண்டும். பற்றுச்சீட்டு இல்லையென்றால் வங்கிக் கணக்கறிக்கையில் அந்த வரி.

பெய்லிஃப் நிறுவனத்திடமிருந்து வந்த ஒவ்வொரு கடிதமும், அது வந்த உறையும். உறையை எறிந்துவிடுகிறவர்கள்தான் அதிகம். கடிதத்தில் ஒரு தேதியும் தபால் முத்திரையில் இன்னொரு தேதியும் இருந்தால் அந்த உறை மட்டுமே சாட்சி. குறுஞ்செய்திகளையும் தவறிய அழைப்புகளையும் ஸ்கிரீன்ஷொட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு மாறியிருந்தால் எந்தத் தேதியில் எங்கே இருந்தீர்கள் என்பதற்கு ஆதாரம் வேண்டும். கவுன்சில் வரிப் பில் போதும்.

1. எந்தக் கடனுக்காக வந்திருக்கிறார்கள் என்று பாருங்கள்

எல்லாப் பெய்லிஃபும் நீதிமன்றத் தண்டப்பணத்துக்கு வருவதில்லை. காப்புறுதி இல்லாமல் ஓட்டியது, வேகம், தொலைக்காட்சி லைசன்ஸ், ரயிலில் டிக்கெட் இல்லாமல் போனது போன்றவை மஜிஸ்திரேட் நீதிமன்றம் வழியாக வருபவை. கவுன்சிலின் பார்க்கிங் தண்டமும் லண்டன் யூலெஸ் கட்டணத் தண்டமும் குற்றவியல் தண்டப்பணம் அல்ல. அவை நோர்த்தாம்ப்டனில் உள்ள போக்குவரத்து அமலாக்க நிலையம் வழியாகப் போகின்றன. பெய்லிஃப் கட்டண அட்டவணை ஒன்றுதான். ஆனால் எதிர்க்கும் வழி முற்றிலும் வேறு.

இதை முதலில் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே ஆளுக்கு இரண்டு தண்டப்பணம் இருப்பது சாதாரணம். வேகத்துக்கு ஒன்று, யார் ஓட்டியது என்று கேட்ட கடிதத்துக்குப் பதில் அனுப்பாததற்கு இன்னொன்று. இரண்டுக்கும் கணக்கு எண் வேறு. ஒன்றைக் கட்டிவிட்டு எல்லாம் முடிந்தது என்று இருப்பார்கள். பெய்லிஃப் வந்தது மற்றதற்கு. கடிதத்திலுள்ள கணக்கு எண்ணையும் பற்றுச்சீட்டில் உள்ளதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

2. வழக்கு நடந்ததே தெரியாதென்றால் இங்கேயே நில்லுங்கள்

பழைய முகவரிக்குக் கடிதங்கள் போய், நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகி, பெய்லிஃப் வந்த பிறகுதான் விஷயம் தெரிய வந்ததா? அப்படியானால் கட்டணத்தைப் பற்றி வாதாடுவது இரண்டாவது வேலை. முதல் வேலை, வழக்கு தெரியாது என்று சத்தியக் கூற்று கொடுப்பது.

1980ஆம் ஆண்டின் மஜிஸ்திரேட் நீதிமன்றச் சட்டத்தின் 14ஆம் பிரிவு இதற்கு இடம் தருகிறது. தனி நீதவான் முறையில், அதாவது யாரும் நேரில் வராமல் காகிதத்தில் முடிந்த வழக்கென்றால் அதே சட்டத்தின் 16ஈ (16E) பிரிவு. வழக்கைப் பற்றித் தெரிய வந்த நாளிலிருந்து 21 நாட்கள்தான் அவகாசம். பிந்தினால் காரணம் சொல்லி நீதிமன்றத்தின் இணக்கத்தைப் பெற வேண்டும். பெய்லிஃபுடன் கடிதப் போக்குவரத்து நடத்திக்கொண்டே இந்த 21 நாளையும் தொலைப்பதுதான் நான் பார்த்தவற்றுள் மிகவும் விலை கொடுக்க வைத்த பிழை.

கூற்று ஏற்கப்பட்டால் தீர்ப்பு செல்லாது. அந்தத் தீர்ப்பின்மேல் நின்ற வாறன்டும், அதாவது பணத்தை வசூலிக்கும்படி பெய்லிஃபுக்குக் கொடுத்த நீதிமன்ற ஆணையும், விழுந்துவிடும். ஆனால் வழக்கு முடியவில்லை, முதலிலிருந்து தொடங்கும். அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். தெரிந்திருந்தும் தெரியாது என்று சத்தியம் செய்வது தனிக் குற்றம். உண்மையாகவே தெரியாதவர்களுக்கு மட்டுமே இந்த வழி.

3. மூன்று தேதிகளை ஒரு தாளில் எழுதுங்கள்

ஒன்று: வாறன்ட் பெய்லிஃப் நிறுவனத்தின் கைக்குப் போன தேதி. இரண்டு: அவர்கள் முதன்முதலில் உங்கள் வாசலுக்கு வந்த தேதி. மூன்று: நீங்கள் பணம் கட்டிய தேதி.

மூன்றாவது உங்களிடம் இருக்கிறது. மற்ற இரண்டும் அவர்களிடம் இருக்கின்றன. நீதிமன்றத்தின் தண்டப்பணப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வாறன்ட் எந்தத் தேதியில் போனது, என் பணம் எந்தத் தேதியில் வரவு வைக்கப்பட்டது, கணக்கில் இன்று மீதி எவ்வளவு என்று மூன்றே கேள்விகள் கேளுங்கள். தொலைபேசியில் கேட்டால் பதில் கிடைக்கலாம், ஆனால் காட்ட எதுவும் இருக்காது.

தவணைமுறையில் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். ஒரு தவணை தவறினால் முழுத் தொகையும் உடனே வர வேண்டியதாக மாற்றப்படலாம். நீங்கள் அடுத்த தவணையைக் கட்டிய அதே வாரத்தில் வாறன்ட் போயிருக்கும். இரண்டும் வழியில் ஒன்றையொன்று கடந்து போன இந்த மாதிரிக் கணக்குகளில் தேதி மிக முக்கியம்.

4. எந்தக் கட்டம், எவ்வளவு என்று கணக்குப் பாருங்கள்

பெய்லிஃப் தன் இஷ்டத்துக்குக் கட்டணம் போட முடியாது. 2014 ஏப்ரல் 6 முதல் நடைமுறைக்கு வந்த கட்டண விதிகள் தொகையை நிலையாக வைத்தன. வாறன்ட் நிறுவனத்தின் கைக்கு வந்தவுடன் 75 பவுண். வாசலுக்கு முதல் தடவை வந்தவுடன் 235 பவுண். கடன் 1,500 பவுணுக்கு மேலென்றால் மேலதிகத் தொகையில் 7.5 வீதமும் சேரும். பொருளை விற்பனைக்கு ஏற்றிச் செல்ல வந்தால் 110 பவுண், அதற்கும் அதே 7.5 வீதம். இந்த வழிகாட்டியில் கணக்குகளை 2014 தொகைகளிலேயே போடுகிறேன். தொகை திருத்தப்படக்கூடியது. உங்கள் கடிதத்தின் தேதிக்கு எது நடப்பில் இருந்தது என்று அரசாங்கத்தின் கவ்.யூகே தளத்தில் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.

இப்போது மூன்று தேதிகளையும் இதன் பக்கத்தில் வையுங்கள்.

வாறன்ட் நிறுவனத்துக்குப் போகும் முன்பே பணம் முழுதும் கட்டியிருந்தால் கட்டணம் ஒரு பென்ஸும் இல்லை. வாறன்டே போயிருக்கக் கூடாது. இதை நிறுவனத்துடன் வாதாடாமல், வாறன்டைத் திரும்பப் பெறும்படி நீதிமன்றத்திடம் கேளுங்கள்.

வாறன்ட் போன பிறகு, ஆனால் யாரும் வாசலுக்கு வரும் முன் கட்டியிருந்தால் 75 பவுண் மட்டும். இந்த நிலையில் இருப்பவர்களிடம் 310 கேட்கப்படுவது உண்டு. பணம் நீதிமன்றக் கணக்கில் சேர்ந்த செய்தி நிறுவனத்துக்குப் போய்ச் சேரும் முன் ஆள் வாசலுக்கு வந்துவிட்டிருப்பார். உங்கள் பற்றுச்சீட்டின் தேதி வருகைக்கு முந்தியது என்றால் அந்த 235ஐ எதிர்க்க நல்ல காரணம் இருக்கிறது.

வாசலுக்கு வந்த பிறகு கட்டியிருந்தால் 75உம் 235உம் சேர்த்து 310. இதைக் கேட்கப் பலருக்குக் கசக்கும். 2007ஆம் ஆண்டின் தீர்ப்பாயங்கள், நீதிமன்றங்கள், அமலாக்கச் சட்டத்தின் 12ஆம் அட்டவணை, வசூலிக்க வேண்டிய தொகை என்று சொல்வது மூலக்கடனையும் கட்டணத்தையும் சேர்த்துத்தான். தண்டப்பணத்தை மட்டும் நீதிமன்றத்துக்கு நேரே கட்டிவிட்டால் பெய்லிஃப் கட்டணம் மறைந்துவிடும் என்று இணையத்தில் காசுக்கு மாதிரிக் கடிதம் விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கடிதத்தை நம்பிக் காரை இழந்தவர்களுக்கு அவர்கள் காசைத் திருப்பிக் கொடுப்பதில்லை.

எத்தனை தடவை வந்தாலும் 235 ஒரு முறைதான். இரண்டாவது வருகைக்கு, தொலைபேசிக்கு, கடிதத்துக்கு என்று தனித்தனியாகப் போட்டிருந்தால் அவை விதியில் இல்லாதவை.

இரண்டு தண்டப்பணம் ஒரே நிறுவனத்திடம் இருந்தால், சேர்த்து ஒரே வருகையில் பார்க்கக்கூடியவை என்றால், 75 இரண்டு தடவை வரும், 235 ஒரு தடவை மட்டும். அதாவது 385. தாளில் 620 என்று இருந்தால் கேள்வி கேளுங்கள்.

5. அறிவித்தல் ஒழுங்காகக் கிடைத்ததா என்று பாருங்கள்

வாசலுக்கு வரும் முன் அமலாக்க அறிவித்தல், அதாவது கட்டாவிட்டால் வருவோம் என்ற கடிதம், கொடுத்து, முழுதாக ஏழு நாட்கள் விட வேண்டும். கொடுத்த நாளும் வந்த நாளும் சேராது. ஞாயிறும் வங்கி விடுமுறையும் சேராது. திங்கட்கிழமை கொடுத்தால் செவ்வாய் முதல் சனி வரை ஐந்து, அடுத்த திங்களும் செவ்வாயும் சேர்த்து ஏழு. ஆகவே மிக முந்தி என்றால் அந்தப் புதன்கிழமைதான் வரலாம். அதற்கு முன் வந்திருந்தால் வருகையே ஒழுங்கானதல்ல, அதன்மேல் போட்ட 235உம் கேள்விக்குரியது.

இன்னொரு விஷயம் முகவரி. அறிவித்தல் நீங்கள் வழக்கமாக வசிக்கிற அல்லது தொழில் செய்கிற இடத்துக்குப் போயிருக்க வேண்டும். ஈஸ்ட் ஹாமில் வாடகை அறையிலிருந்து ஹரோவுக்கு மாறியிருப்பீர்கள், காரின் பதிவுப் புத்தகத்தில் பழைய முகவரியே இருக்கும். அறிவித்தல் ஈஸ்ட் ஹாமுக்கும் ஆள் ஹரோவுக்கும் வந்திருந்தால், புதிய முகவரிக்குப் புதிய அறிவித்தல் எங்கே என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, கட்டணம் கைவிடப்பட்டவற்றில் அதிகமானவை இப்படிப்பட்டவைதான். கவுன்சில் வரிப் பில்லை எடுத்து வைக்கச் சொன்னது இதற்காகத்தான்.

6. பாதியைக் கட்டுவதற்கு முன் இந்தக் கணக்கைப் பாருங்கள்

"தண்டப்பணம் 440ஐ மட்டும் தருகிறேன், கட்டணத்தைத் தர மாட்டேன்" என்று சொல்லி அந்த 440ஐயும் பெய்லிஃபின் கையிலேயே கொடுப்பவர்கள் உண்டு. அப்படிக் கொடுத்தால் தண்டப்பணம் தீராது.

மொத்தம் 750 என்று வைப்போம்: தண்டப்பணம் 440, கட்டணம் 310. பெய்லிஃபுக்குக் கொடுத்த 440இல் முதலில் 75 கழியும். மீதி 365ஐத் தண்டப்பணத்துக்கும் 235க்கும் விகிதப்படி பிரிப்பார்கள். தண்டப்பணத்துக்குப் போவது 237.93. உங்கள் மனதில் தீர்ந்துவிட்ட தண்டப்பணத்தில் இன்னும் 202.07 நிலுவை. ஒரு மாதம் கழித்து "நான்தான் கட்டிவிட்டேனே" என்று சண்டை பிடிக்கிறவர்களுக்கு இந்தப் பிரிப்பு யாரும் சொல்லாதது.

ஆகவே எதைக் கட்டினாலும் யாருக்கு, எந்தக் கணக்கு எண்ணுக்கு, எதற்காக என்று எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

7. வாசலில் நின்றால்

கதவைத் திறக்காமல் ஜன்னல் வழியாகவோ கதவு மூடியபடியோ பேசலாம். அடையாளத்தையும் அதிகாரப் பத்திரத்தையும் காட்டும்படி கேளுங்கள். கேட்டால் காட்ட வேண்டும். பெயரை எழுதி, நீதி அமைச்சின் சான்றிதழ் பெற்ற பெய்லிஃப் பதிவேட்டில் தேடுங்கள். இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். வழக்கமாக அவர்கள் வரக்கூடிய நேரம் காலை 6 மணியிலிருந்து இரவு 9 வரை.

இதில் ஓர் எச்சரிக்கை. கவுன்சில் வரிக்கு வருகிற பெய்லிஃப் முதல் வருகையில் பலாத்காரமாக உள்ளே வர முடியாது என்பதைக் கேள்விப்பட்டு, எல்லாருக்கும் அதுதான் என்று இருக்கிறார்கள். குற்றவியல் தண்டப்பணத்துக்கு நியாயமான பலத்தைப் பயன்படுத்தி வீட்டுக்குள் நுழையும் அதிகாரம் சட்டத்தில் இருக்கிறது. நடைமுறையில் அரிது. ஆனாலும் "உடைத்துப் பார்" என்று சவால் விடாதீர்கள். பணம் கட்டிய பற்றுச்சீட்டைக் காட்டி, தேதிகளைப் பற்றி இன்றே எழுதுகிறேன், எழுத்தில் பதில் தாருங்கள் என்று சொல்லி முடியுங்கள்.

பலர் சறுக்குவது காரில்தான். பெய்லிஃப் சக்கரத்தில் பூட்டு போடும் முன் காரை வேறிடத்தில் நிறுத்துவது உங்கள் விருப்பம். பூட்டுப் போட்ட பிறகு அதை வெட்டுவதோ காரை நகர்த்துவதோ குற்றம். அந்தக் கார் வாடகைக் கொள்வனவில் இருந்தால், அல்லது மனைவியினுடையது என்றால், ஆவணத்தோடு உடனே எழுதுங்கள். தொழிலுக்குத் தேவையான கருவிகளும் வாகனமும் சேர்த்து 1,350 பவுண் மதிப்பு வரை எடுக்கக் கூடாது. டெலிவரி ஓட்டுகிறவர்கள் இதைக் குறித்து வையுங்கள். ஆனால் காரின் மதிப்பு அதைத் தாண்டினால் இது காப்பாற்றாது.

மறுநாள் வேலைக்குக் கார் இல்லாமல் முடியாது என்றால், கட்டணத்தை ஆட்சேபத்தோடு கட்டுகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். கட்டியதற்காகப் பின்னால் அதை எதிர்க்கும் வழி அடைபடாது. காரை ஏலத்துக்கு விட்டுவிட்டு 235 பவுணுக்காகப் பொருதுவதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

வீட்டில் அம்மா, அப்பா மட்டும் இருந்து ஆங்கிலம் விளங்காத நிலை நம்மிடையே நிறைய. 2014ஆம் ஆண்டு அமைச்சு வெளியிட்ட தேசியத் தரநிலைகள், ஆங்கிலம் பேசவோ வாசிக்கவோ தெளிவாகச் சிரமப்படுகிறவர்களை, பாதிப்புக்குள்ளாகக்கூடியவர்கள் பட்டியலில் சேர்த்திருக்கின்றன. முதியவர்கள், கடும் நோயாளர், கர்ப்பிணிகள், அண்மையில் துக்கம் நேர்ந்தவர்கள் ஆகியோரும் அதில் இருக்கிறார்கள். கடனாளி இப்படிப்பட்டவர் என்றால், பொருளை எடுத்துச் செல்லும் முன் ஆலோசனை பெறப் போதிய அவகாசம் கொடுத்திருக்க வேண்டும். கொடுக்காமல் விட்டால் 235 வசூலிக்கத்தக்கதல்ல. இதை வாசலிலேயே சொல்லுங்கள், அன்றே மின்னஞ்சலிலும் எழுதுங்கள். ஆளின் சட்டையில் கமரா இருக்கும், சொன்னது பதிவாகும்.

8. முதலில் தகவலைக் கேளுங்கள், பிறகு முறைப்பாடு

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கோபத்தோடு ஒரு நீளமான முறைப்பாடு போகிறது, அச்சில் அடித்த பதில் ஒன்று வருகிறது, அதோடு சோர்ந்துவிடுகிறார்கள்.

தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கும் எல்லாவற்றையும் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. கட்டணம் இல்லை, ஒரு மாதத்துக்குள் தர வேண்டும். வாறன்ட் கைக்கு வந்த தேதி, அறிவித்தலின் நகல், அது அனுப்பப்பட்ட முகவரி, ஒவ்வொரு வருகையின் நேரமும் இடப் பதிவும், கமராப் பதிவு, கணக்கின் உள்குறிப்புகள் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். கமராப் பதிவைக் காலவரையின்றி வைத்திருக்க மாட்டார்கள், ஆகவே அதை முதல் வரியிலேயே கேளுங்கள்.

கடிதம் ஆங்கிலத்தில் போக வேண்டும். வீட்டில் படிக்கிற பிள்ளை உதவலாம். ஆனால் வாசலில் பெய்லிஃபுக்குப் பதில் சொல்லப் பிள்ளையை முன்னே விடாதீர்கள்.

9. முறைப்பாடு

ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. மூன்று தேதிகள், விதிப்படி வர வேண்டிய தொகை, அவர்கள் கேட்ட தொகை, வித்தியாசம், அதற்கு ஆதாரம், நீங்கள் கேட்பது. பெய்லிஃப் முரட்டுத்தனமாகப் பேசினார் என்பதைத் தனிக் கடிதமாக அனுப்புங்கள். இரண்டையும் கலந்தால் பேச்சுக்கு மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கணக்கை விட்டுவிடுவார்கள்.

75 மட்டும் வர வேண்டும் என்று உங்கள் கணக்கு சொன்னால் அந்த 75ஐ உடனே கட்டிவிட்டு மீதியை எதிர்ப்பது நல்லது. வாதத்தில் நீங்கள் விதியைப் பின்பற்றுகிறவர் என்று தெரியும்.

நிறுவனத்தின் இறுதிப் பதிலிலும் தீரவில்லை என்றால், பெய்லிஃப் நிறுவனங்களைக் கண்காணிக்க 2022இல் அமைக்கப்பட்ட அமலாக்க நடத்தைச் சபைக்குப் போகலாம். பிழை நீதிமன்றத்தினுடையது என்றால், உதாரணமாகக் கட்டிய பின் வாறன்ட் அனுப்பியது என்றால், நீதிமன்றச் சேவையிடம் முறையிட்டு, பிறகு உங்கள் தொகுதிப் பாராளுமன்ற உறுப்பினர் வழியாகப் பாராளுமன்ற ஒம்புட்ஸ்மனிடம் போகும் வழி.

10. நீதிமன்றத்தில் கட்டணத்தை மதிப்பிடக் கேட்பது

கட்டணத் தொகையில் தகராறு என்றால் குடியியல் நடைமுறை விதிகளின் 84.16 பிரகாரம் நீதிமன்றமே மதிப்பிட்டுத் தீர்க்கலாம். என்244 (N244) படிவத்தில் விண்ணப்பம் போகும். அதற்கு நீதிமன்றக் கட்டணம் உண்டு. வருமானம் குறைந்தவர்கள் விலக்குக் கேட்கலாம்.

235 பவுணுக்காக இதில் இறங்கும் முன் ஒரு தடவைக்கு இரு தடவை யோசியுங்கள். தோற்றால் எதிர்த்தரப்பின் சட்டச் செலவும் உங்கள் தலையில் விழலாம். தேதி ஆதாரம் கல்லுப்போல இருந்தால் மட்டும் போங்கள். அதற்கு முன் கடன் ஆலோசனை தரும் சிட்டிசன்ஸ் அட்வைஸிலோ நேஷனல் டெப்ட்லைனிலோ இலவசமாகக் காட்டிப் பாருங்கள்.

பெய்லிஃபின் சான்றிதழையே எதிர்த்து இஏசி2 (EAC2) படிவத்தில் நீதிபதியிடம் முறையிடவும் முடியும். அது அந்த ஆள் இந்தத் தொழிலுக்குத் தகுதியானவரா என்ற கேள்வி. வெறும் கட்டணத் தகராறுக்கு அதைப் பயன்படுத்தினால் செலவுத்தொகை கட்டும்படி உத்தரவு வரும் அபாயம் இருக்கிறது.

11. முடிந்த பிறகு

கட்டணம் கைவிடப்பட்டது என்று தொலைபேசியில் சொன்னால் அதை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள். கணக்கு மூடப்பட்டது என்று நிறுவனத்திடமிருந்து ஒன்று, மீதி இல்லை என்று நீதிமன்றத்திடமிருந்து ஒன்று. வாறன்டை அமல்படுத்த, அமலாக்க அறிவித்தலின் தேதியிலிருந்து 12 மாத அவகாசம் இருக்கிறது, ஆகவே குறைந்தது அந்தக் காலம் முடியும்வரை இரண்டையும் கைத்தொலைபேசியில் வைத்திருங்கள். அன்றே காரின் பதிவுப் புத்தகத்திலும் ஓட்டுநர் அனுமதிப்பத்திரத்திலும் முகவரியை மாற்றிவிடுங்கள். இரண்டுக்கும் காசு இல்லை.